கேழ்வரகுப் பாலும் டின் பாலும்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது தோட்டத்து மூதாட்டியார் ஒருவரும் அவர்தம் மருமகளும் ஒரு வழக்கைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தனர். வழக்கு, ஏழு மாதக் குழந்தையொன்றின் உணவைப் பற்றியது. மூதாட்டியார் கையில் ஒரு கிண்ணம். அதில் அவர் தம் கையாலேயே முளைகட்டி, உலர்த்தி, அரைத்துச் சலித்த கேழ்வரகு மாவு. மருமகள் கையில் பட்டணத்துக் கடையில் வாங்கிய வண்ணப் பெட்டி. இங்கிலீஷ் படித்த கிராணி என்னும் ஒரே தகுதியைக் கொண்டு நம்மை நீதிபதியாக அமர்த்திவிட்டார்கள். பெட்டியின் மேலிருந்த மலாய் எழுத்தையெல்லாம் அப்பெண்ணே தடையின்றிப் படித்தாள். சேர்க்கைப் பொருள்களின் வரிசையில் ஒரு சொல் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. "அண்ணே, மால்ட்டுன்னு போட்டிருக்கே, அது என்ன மருந்து?" என்று கேட்டாள்.

மால்ட் மருந்தன்று. தானியத்தை நனைத்து, முளைக்கவிட்டு, முளை நீளுமுன் உலர்த்தி, அரைத்தெடுத்த மாவுக்கே அப்பெயர். அதாவது, பெட்டிக்குள் இருந்ததில் ஒரு பங்கும் கிண்ணத்துக்குள் இருந்ததும் ஒரே தொழிலின் விளைவுகள். இதைக் கேட்டு மூதாட்டியார் வாய்விட்டுச் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை. "அப்படீன்னா இத்தனை நாளா இதைப் பட்டிக்காட்டுச் சாப்பாடுன்னு ஏன் சொன்னாங்க?" என்றாள்.

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. பின்னர் சில நூல்களைப் புரட்டியும் முதியோரைக் கேட்டும் நாம் அறிந்தவற்றை ஈண்டு வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் கிண்ணத்தை நோக்குவோம். சேலம், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோர்க்குக் கேழ்வரகு புதிதன்று. அதைக் கல் நீக்கிக் கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து தொங்கவிடுவார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அப்பொழுது அவிழ்த்து இளவெயிலில் பரப்பி உலர்த்தி, முளையைக் கசக்கித் தூற்றி, திருகையில் அரைத்து, மெல்லிய துணியில் இட்டுச் சலிப்பார்கள். இச்சலிப்புக்கு வைத்திய நூலார் வஸ்திரகாயம் என்று பெயரிட்டனர். அன்றியும், ஊறிய தானியத்தை ஆட்டித் துணியில் பிழிந்து பாலெடுத்து, அப்பாலையே அடுப்பிலேற்றிக் காய்ச்சிப் பாலாடையால் புகட்டும் முறையும் உண்டு. இதனையே கேழ்வரகுப் பால் என்பர். சிறிது பனங்கற்கண்டும் சேரும்.

இவ்வளவு பாடு எதற்கு? மாவை நேரே கிண்டினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது என்பதற்குத் தக்க காரணம் உண்டு. சாதாரண மாவு கொதிநீரில் வெந்ததும் பசைபோல் இறுகிவிடும். பல் முளையாத குழந்தை அதை விழுங்கமாட்டாது. விழுங்கத்தக்கபடி நீரை ஊற்றித் தளர்த்தினாலோ, குழந்தையின் சிறு வயிறு நீரால் நிரம்புமேயன்றி உணவால் நிரம்பாது. முளைவிட்ட தானியத்தில் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி ஒன்று பிறக்கின்றது. அந்த மாவு வேகத் தொடங்குகையில் தானே இளகிக்கொள்ளும். ஆகவே அதே தளர்ச்சியில் இரட்டிப்பு மாவைக் கரைத்து ஊட்டலாம். பரோடாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் இதனைச் சோதனைகளால் மெய்ப்பித்துக் காட்டினர். மாவு இளவெயிலில் உலர வேண்டும், கருகும்படி வறுக்கலாகாது என்று நம் மூதாட்டியார் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம். கடுஞ்சூட்டில் அந்நொதி அழிந்துபோம். அவருக்கு நொதியின் பெயர் தெரியாது. ஆயினும் அதைக் காக்கும் வழி தெரிந்திருந்தது. கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது ஏறக்குறைய 10 மில்லிகிராமே. அச்சத்தை உடலுக்குக் கிட்டாதபடி கட்டிவைக்கும் பொருளும் கேழ்வரகில் உண்டு. முளைகட்டினால் அதுவும் குறையும்.

இதனால் பழையன யாவும் பொன் என்று நாம் சாதிப்பதாக எவரும் நினைக்க வேண்டா. பிரசவித்த முதல் இரண்டொரு நாளில் சுரக்கும் சீம்பாலைத் தீட்டென்றும் கெட்ட பாலென்றும் சொல்லிப் பிழிந்து தரையில் ஊற்றிய பாட்டிமாரும் நம்மவர்தாம். குழந்தைக்கு நோய் எதிர்க்கும் ஆற்றலைத் தரும் அச்சிறு துளிகளை வீசிவிட்டு, அதற்குப் பதிலாகச் சர்க்கரைத் தண்ணீரையும் கழுதைப் பாலையும் நாவில் தடவிய மூடப் பழக்கத்தை எந்தச் சாத்திரத்தின் பெயராலும் மன்னிக்க முடியாது. முதற்சோறு ஊட்ட நல்ல நாள் பார்த்துப் பார்த்து, ஒன்பது பத்து மாதம் வரை குழந்தையை வெறும் பாலில் வாட விட்டதும் உண்டு. நம் கிண்ணத்தில் அறிவும் இருந்தது, அழுக்கும் இருந்தது. அழுக்கைக் கழுவப் புகுந்தவர்கள் கிண்ணத்தையே உடைத்த கதைதான் இனி வருவது.

இப்பொழுது பெட்டியின் பிறப்பைக் காண்போம். ஐரோப்பாவில் யந்திரசாலைகள் பெருகி, பெண்கள் விடியுமுன் ஆலைக்குச் செல்லத் தொடங்கிய காலத்தில், தாய்ப்பால் கிட்டாத சிசுக்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தன. 1865-ம் ஆண்டில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் லீபிக் என்பார், தம் பேரக்குழந்தைக்காக ஆராய்ந்து கண்ட ஓர் உணவை வெளியிட்டார். அதில் சேர்ந்தவை பசும்பால், கோதுமை மாவு, சிறிது பொட்டாசிய உப்பு, இவற்றோடு மால்ட் மாவு! மாச்சத்தை இளக்கவே மால்ட்டைச் சேர்த்தார். முளைகட்டிய தானியத்தின் குணத்தை ஐரோப்பா கண்ட மிகப் பெரிய ரசாயன பண்டிதருள் ஒருவர் எடுத்துரைத்தபொழுது அது விஞ்ஞானம் எனப்பட்டது. சேலத்துக் குடியானவள் செய்தபொழுது பட்டிக்காட்டுத்தனம் எனப்பட்டது.

இரண்டாண்டு கழித்து, 1867-ல், சுவிட்சர்லாந்தின் வெவே நகரத்து மருந்து வியாபாரி ஹென்றி நெஸ்லே, பாலும் ரொட்டி மாவும் சர்க்கரையும் கலந்து உலர்த்திய ஒரு மாவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்கு முன்பே, 1856-ல், அமெரிக்கரான கெயில் போர்டன் என்பார் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அந்தக் கெட்டிப் பாலில் நூற்றுக்குச் சுமார் 45 பங்கு சர்க்கரை. ஐஸ் பெட்டி இல்லாத வீட்டிலும் அது கெடாமல் இருப்பதற்கு அச்சர்க்கரையே காரணம். அதுவே குழந்தைக்குக் கேடாய் முடிந்ததும் உண்டு. டப்பா உணவையே நம்பி வளர்ந்த செல்வர் வீட்டுக் குழந்தைகளின் ஈறுகள் வீங்கி எலும்புகள் நோவதைக் கண்ட தாமஸ் பார்லோ என்னும் லண்டன் வைத்தியர், அது பழரசமும் புதிய உணவும் இன்மையால் வரும் ஸ்கர்வி நோயே என்று 1883-ல் நிறுவினார். எனவே, டப்பாவின் குறையை முதலில் கண்டவர்கள் கீழ்நாட்டார் அல்லர். அதைச் செய்த நாட்டாரே கண்டனர்.

நிற்க, நம் நாட்டுக்கு வருவோம். 1905-ல் நெஸ்லேயோடு இணைந்த ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப் பால் கம்பெனி 1912-ல் பினாங்கில் கால் ஊன்றியது. அக்காலம் எத்தகையது? ரப்பர் விலை விண்ணை முட்டிய 1910-ஐ அடுத்த ஆண்டுகள். காடுகள் அழிந்து கன்றுகள் நிரையாய் நின்றன. கங்காணிகள் கிராமம் கிராமமாய்ச் சென்று ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் கொணர்ந்தனர்.

ரப்பர் மரத்துக்கு நம்மவர் இட்ட பெயர் பால் மரம். அந்தப் பால் எப்பொழுது நன்றாக ஒழுகும் என்பதை அறிந்தோர்க்கே தோட்டத்துக் குழந்தையின் சரித்திரம் விளங்கும். இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பாற்குழாய்கள் நீரால் விம்மி நிற்கும். விடியற்காலையில் வெட்டினால் பால் தாரையாய் இறங்கும். வெயில் ஏற ஏற அது சுருங்கிவிடும். ஆகையால் இருட்டோடு பெரட்டு. விளக்கு வெளிச்சத்தில் வெட்டு. முற்பகலில் வாளியெடுத்து மங்கு மங்காய்ப் பால் சேர்த்தல். பால் உறையுமுன் ஸ்டோருக்குச் சுமந்து நிறுத்தல். ஆறு ஏழு மணி நேரம் ஆகிவிடும். இந்த நேர அட்டவணையை வகுத்தது துரையும் அன்று, கங்காணியும் அன்று. மரத்தின் நாளம் வகுத்தது. இரண்டு மூன்று மணிக்கொருமுறை பசித்து அழும் மற்றோர் உயிரும் அதே தாயை நம்பி இருந்தது. அதற்கு அட்டவணையில் இடமில்லை. மரத்தின் பாலைச் சேர்க்கப் போன தாயின் பால் மார்பிலேயே கட்டிக்கொண்டது. சில வாரத்தில் வற்றியும் போயிற்று.

குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடந்தது. வெட்டுக்குப் போக இயலாத முதியவள் ஒருத்தி பல குழந்தைகளைக் காத்தாள். நம் பாட்டியாரும் பிற்காலத்தில் சில ஆண்டுகள் அவ்வேலை பார்த்தவரே. கயிற்றுத் தூளிகள் வரிசையாய்த் தொங்கும் என்றும், ஒரு தூளியை ஆட்டினால் அடுத்த தூளியும் ஆடும்படி கயிற்றால் இணைத்திருந்ததாகவும் சொல்லுவார். அங்கே கேழ்வரகை யார் முளைகட்டுவது? முளைகட்டிய தானியத்தை உலர்த்த இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும். காக்கை ஓட்ட ஆள் வேண்டும். திடீர் மழையில் வாரி உள்ளே வைக்கக் கை வேண்டும். மலாயாவின் வானமோ சொல்லாமல் பெய்யும். லயத்து வீட்டில் பகலில் இருந்த கை ஒன்றுமில்லை. தேயாத்தண்ணிக்கு வாங்கி வைத்த டின் பாலைத் துளையிட்டு, ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கினால் கால் நிமிஷத்தில் வேலை முடிந்தது. வெண்மையாயிருந்தது, இனித்தது, குழந்தையும் கொழுகொழுவென்று உப்பியது.

அந்த ஒரு டின்னைப் பத்து நாள் இழுக்க வேண்டியிருந்ததால் கரண்டி சிறுத்தது, தண்ணீர் பெருத்தது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்கவே வேண்டியதில்லை. கழுவ இயலாத ரப்பர் மூக்குப் போத்தலில் ஈக்கள் மொய்த்தன. பேதியும் கண்நோயும் தொடர்ந்தன. குறிப்பாக, ஆடை நீக்கிய மலிவான டின் பாலில் வைட்டமின் ஏ இல்லை. அதையே உண்ட குழந்தைகளின் கருவிழி உலர்ந்து, வெளுத்து, முடிவில் பார்வையே அவிந்தது. இங்கிலாந்தில் சிசுக்களுக்கு ஆகாது என்று டின்னின் மேல் அச்சிட வேண்டியிருந்த பால் இது.

இந்நிலையில் 1936-ல் சிங்கப்பூருக்கு மாற்றலாகி வந்தார் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண்மணி. ஜமைக்கா தீவில் 1893-ல் பிறந்தவர். அதற்கு முன் ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றியவர். அங்கே மக்காச்சோளக் கூழையே உண்டு உடல் வீங்கி முடி செம்பட்டையாகி இறக்கும் குழந்தைகளைக் கண்டார். பிற வைத்தியர் அதை வேறு நோய் என்றிருக்க, இவரோ அவ்வூர்த் தாய்மாரைச் சென்று கேட்டார். அடுத்த குழந்தை பிறந்ததும் மார்பினின்று இறக்கிவிடப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள்படும் 'குவாஷியார்க்கர்' என்னும் சொல்லை அவர்கள் சொன்னார்கள். 1933-ல் அந்நோயை விவரித்தும், 1935-ல் அப்பெயராலேயே அழைத்தும் வைத்தியப் பத்திரிகைகளில் எழுதினார். படிக்காத தாயின் வாய்ச்சொல்லை உலக வைத்திய நூலில் ஏற்றிய இச்செயல் ஒன்றுக்காகவே அவரை நாம் போற்றலாம்.

சிங்கப்பூரில் அவர் கண்டது வேறு காட்சி. தாதிகளைப் போல் வெள்ளுடை உடுத்த பெண்களைக் கம்பெனிகள் கூலிக்கமர்த்தி, புதிதாய்ப் பிரசவித்த தாய்மாரிடம் அனுப்பி, டின் பாலைப் புகழ வைத்தன. வெள்ளுடை கண்ட ஏழைத் தாய், சொல்பவள் ஆஸ்பத்திரிக்காரியா கடைக்காரியா என்று எங்ஙனம் அறிவாள்? 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தார் அவரைப் பேச அழைத்தனர். 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் பேசினார். சிசு உணவைப் பற்றிய பொய்ப் பிரசாரத்தை ராஜத்துரோகத்தின் மிக இழிந்த வகையாகக் கருதித் தண்டிக்க வேண்டும் என்றும், அதனால் நேரும் மரணங்களைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்றும், செல்வரும் வியாபாரிகளும் நிறைந்திருந்த அச்சபையில் எடுத்துரைத்தார். ஏழைத் தாயை மூடப்பெண் என்று தூற்றுவது அக்காலத்து மேன்மக்களின் வழக்கம். கொலைப் பழியை அவள் தலையினின்று இறக்கி, உரியவர் தலையில் வைத்த பேச்சு அது.

அப்பேச்சு ஒலித்து மூன்றாண்டு நிரம்புமுன் ஜப்பானியர் வந்தனர். திரெங்கானுவிலிருந்த டாக்டர் வில்லியம்ஸ் பெரும் இன்னலோடு சிங்கப்பூரை அடைந்து, சாங்கியில் சிறைப்பட்டார். கெம்பித்தாயின் கொடுங்காவலிலும் சில மாதம் கிடந்தார். சிறைமுகாமில் பிறந்த இருபது குழந்தைகளுக்கும் தாய்ப்பாலே ஊட்டப்பட்டது, இருபதும் பிழைத்தன என்று பின்னர் அவர் கூறியதாகச் சொல்வர். வெளியே தோட்டங்களிலோ டின் பால் மறைந்தது, அரிசியும் அரிதாயிற்று, மரவள்ளிக் கிழங்கே முப்பொழுதும் உணவு. அதில் தசை வளர்க்கும் புரதம் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். தந்தையரைச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பிவிட்டுத் தாய்மார் கிழங்கை மசித்து ஊட்டினர். அந்த நான்காண்டுகளில் முதுகுன்றிய பிள்ளைகள் பலரை நம் இளமையில் நாம் தாத்தாக்களாகக் கண்டிருக்கின்றோம்.

யுத்தம் முடிந்தபின் வில்லியம்ஸ் அம்மையார் மலாயாவின் தாய் சேய் நலப் பணிக்குத் தலைமை ஏற்று, 1948-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் பகுதிக்கு முதல் தலைவரானார். டின்னோ முன்னிலும் வலுத்துத் திரும்பி வந்தது. கெட்டிப் பாலின் இடத்தில் பால் மாவு. வீட்டு வாசலில் நின்ற வெள்ளுடைக்காரி ஆஸ்பத்திரி வரையில் சென்றாள். 1974-ல் லண்டனில் ஒரு தரும ஸ்தாபனம் வெளியிட்ட 'குழந்தைக் கொலையாளி' என்னும் சிறு நூல் இவ்வியாபாரத்தை உலகறியச் செய்தது. 1977-ல் அமெரிக்காவில் பகிஷ்காரம் எழுந்தது. 1979-ல் மலேசியா தனக்கென ஒரு நன்னெறி விதி வகுத்தது. 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவையில் பால் மாவு விற்பனை பற்றிய விதிகள் வாக்குக்கு வந்தபொழுது, 118 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா ஒன்றே எதிர்த்தது. தாய்ப்பாலே சிறந்தது என்பதை டின்னின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது அவ்விதிகளில் ஒன்று. இவ்வியக்கத்தில் முன்னின்றவருள் ஒருவர் பினாங்கைச் சேர்ந்த அன்வார் ஃபசால். தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டமைப்பு 1991-ல் தோன்றியபொழுது அதன் தலைமையகமும் பினாங்கிலேயே அமைந்தது. 1912-ல் டின் வந்திறங்கிய ஊரும் அதுவே.

இப்பொழுது மருமகளின் கேள்விக்கு வருவோம். கேழ்வரகைத் தாழ்வென்று ஏன் சொன்னார்கள்? அதை விற்றால் லாபமில்லை என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் வேறு என்று நமக்குத் தோன்றுகின்றது. அதைச் செய்வதற்கு வேண்டிய பொழுதை நம் தாய்மாரிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தபின், செய்யவில்லையே என்று அவர்களைக் குறை கூறினார்கள். பிறகு அப்பொழுதின் விலையாக ஒரு டின்னை நீட்டினார்கள். செய்ய முடியாமற் போன ஒன்றை நாளடைவில் செய்யத் தகாதது என்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. நம்மவரும் அப்படியே எண்ணினர். படித்தவர் வீட்டுக்கு அடையாளம் அலமாரியில் டின் என்றாயிற்று. நம் கிராணிமார் வீடுகளும் இதற்கு விலக்கல்ல.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரட்டுக் களத்தில் இன்று நம்மவர் சிலரே நிற்கின்றனர். அப்பெண் வேலை செய்வதும் தோட்டத்தில் அன்று. பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில். பிள்ளைப்பேற்று விடுமுறை 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கின்றது; நன்றே. ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், வேறெதுவும் வேண்டா என்று உலகச் சுகாதாரப் பேரவை 2001-லேயே கூறியிருக்கின்றது. ஆறு மாதத்துக்கு நாள் சுமார் 180. எஞ்சிய 82 நாளை அவள் எப்படிக் கடத்தினாள் என்று கேட்டோம். பால் பீய்ச்சித் தொழிற்சாலையின் கழிப்பறையில் நின்றபடி புட்டியில் சேர்த்ததாகவும், ஒரு மாதத்துக்கு மேல் இயலவில்லை என்றும், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மாமியார் அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார் போலும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மருமகளின் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

நீதிபதி தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மூதாட்டியாரின் மாவு நன்று; ஆனால் அது மட்டும் போதாது; வெந்த பாசிப்பருப்பும், கீரையும், முட்டையின் கருவும், நன்றாக வேகவைத்து மசித்த மீனும் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துவர வேண்டும், குழந்தையின் இரத்தத்துக்கு இரும்புச்சத்து வேண்டும் என்றோம். பனங்கற்கண்டைக் குறைக்கச் சொன்னோம். அதை மட்டும் அவர் ஒப்பவில்லை. இராப்பகலில் முடிந்தபொழுதெல்லாம் பாலூட்டுவதை நிறுத்த வேண்டா என்று மருமகளுக்குச் சொன்னோம். வண்ணப் பெட்டியை வீசிவிட வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டா, மாமியாருக்கு முழங்கால் வலி எடுத்துத் திருகையில் உட்கார முடியாத நாட்களுக்கு இருக்கட்டும் என்றோம்.